முதலில் இறங்கியவன்

பென்சிலின் என்ற புது மருந்தால் பிழைத்தவன் இந்த ஊரிலேயே நான்தான் முதல் ஆள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். கடைத்தெருவில் நிறுத்தி, சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்கிறார்கள். வெட்கங்கெட்டவன், நானும் காட்டியிருக்கிறேன். வியாதி எப்படி வந்தது, ஊசி வலித்ததா, சோறு எப்போது இறங்கியது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த மருந்து வேறு யாருக்காவது போயிருக்கலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். படித்தபின் தழும்பைக் காட்டச் சொல்லாமல் விட்டால் போதும்.

நான் தூத்துக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் தத்துவம் படித்தவன். தத்துவம் படித்தவனுக்கு இந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது? பெரிய வகுப்புப் பையன்களுக்கு இங்கிலீஷ் நடத்தினேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் விவாதக் கூட்டம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, படித்த தத்துவத்தை அதில் இறக்கி வைத்தேன். தோணி மூழ்கப்போகிறது, ஒருவனைத் தள்ளினால் மற்றவர்கள் பிழைப்பார்கள், தள்ளலாமா? மருந்து ஒரு கோப்பை, நோயாளி இரண்டு பேர், யாருக்குக் கொடுப்பாய்? இப்படிக் கேள்விகள். கரும்பலகையில் கோடு போட்டு மூன்றாகப் பிரிப்பேன். அதிகம் பேருக்கு அதிக நன்மை எதுவோ அதைச் செய் என்கிற இங்கிலீஷ்காரர் கட்சி ஒரு பக்கம். விளைவு எதுவானாலும் கடமையை மீறாதே, எந்த மனிதனையும் இன்னொருவனுக்குக் கருவியாக்காதே என்கிற ஜெர்மன்காரர் கட்சி நடுவில். நல்லவன் ஒருவன் அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வான் என்று பார் என்கிற பழைய கிரேக்கர் கட்சி ஓரத்தில். பையன்கள் கட்சி கட்டிக்கொண்டு கத்துவார்கள். எனக்கு அதில் ஒரு குஷி.

எங்கள் பையன்களில் பாதிப் பேர் கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். நான் என்ன கேள்வி போட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது, "சார், கயிறு யாரு கையில?" என்பதுதான். நான் சிரிப்பேன். அது தத்துவம் இல்லை, சொந்தக்காரத்தனம் என்று சொல்லி உட்கார வைப்பேன்.

கயிறு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது சங்கு குளிப்புதான். குளிக்கிறவன் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு அடியில் போவான். அவன் இடுப்புக் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தோணியில் நிற்பான். அடியிலிருந்து ஒரு இழுப்பு வந்தால் தூக்க வேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் ஆள் காலி. அதனால் அந்தக் கயிற்றைக் கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள், மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்துத் தகராறு இருக்கும். பெண்டாட்டியோடு பிறந்தவனுக்கோ, கயிறு நழுவினால் அறுவது சொந்தத் தங்கச்சி தாலி. ஆள் குறைவான நாட்களில் ஒருவனே இரண்டு கயிற்றைப் பிடிக்க நேரும். அப்போது ஒரு வழக்கம் உண்டு. முதலில் இறங்கியவனை முதலில் தூக்கு. பின்னால் இறங்கியவனுக்கு மூச்சு மிச்சம் இருக்கும், அவன் காத்திருப்பான்.

என் மனைவி ரோசம்மாள். அவளுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி சந்தியாகு, நங்கூரம் போட்டு வெகுதூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவன். சங்குக் காலம் வந்தால் அதை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்கப் போய்விடுவான். யாருடைய கயிறு? தங்கை பிலோமியின் புருஷன் இன்னாசியின் கயிறு. இன்னாசி எனக்குச் சகலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. என்னை அண்ணாச்சி என்பான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆத்தூர் வெற்றிலையை மென்றுகொண்டே என் புத்தக அலமாரியைப் பார்த்து, இதையெல்லாம் படிச்சா தலை வலிக்காதா அண்ணாச்சி என்று உண்மையான கவலையோடு கேட்பான்.

யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாத காலம். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மறுநாள் குளிர்க் காய்ச்சல். சுக்குக் கஷாயம், மிளகு ரசம், நெற்றியில் பற்று என்று ரோசம்மாள் கைவைத்தியம் எல்லாம் பார்த்தாள். வலது விலாவில் ஒரு வலி பிடித்தது. மூச்சை இழுத்தால் உள்ளே யாரோ கோணி ஊசியால் தைப்பது மாதிரி இருக்கும். துப்பிய சளி துரு நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இன்னாசிதான் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வண்டியில் வைத்தான்.

ஆஸ்பத்திரியில் திருவாங்கூர்ப் பக்கத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர், பொய் சொல்லத் தெரியாதவர். முதுகில் இடது கை விரலை வைத்து வலது கை விரலால் தட்டிப் பார்த்தார். காலிப் பானையைத் தட்டினால் ஒரு சத்தம், தண்ணீர்ப் பானையைத் தட்டினால் ஒரு சத்தம் இல்லையா? நுரையீரலும் அப்படித்தானாம். என் வலது பக்கம் நிறைந்த பானை. நிமோனியா என்றார். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்துக்கொள்வது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சல்பா மாத்திரை கொடுத்தார். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியோடு நிற்காமல், சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். பிறகு நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறைக்குள் சீழ் பிடித்தது. விலா எலும்புக்கு நடுவே பெரிய ஊசியைக் குத்தி உறிஞ்சினார். குழாயில் ஏறியதைப் பார்க்காதீர்கள் என்று இன்னாசி என் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் கை வெற்றிலையும் உப்புமாக மணத்தது.

மழையில் கடல் கலங்கிக் கிடந்ததால் அவனுக்குக் குளிப்பு இல்லை. அதனால் என் கட்டிலே கதி என்று இருந்தான். ரோசம்மாள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மதியம் கஞ்சியோடு வருவாள். மற்ற நேரமெல்லாம் அவன்தான். துப்புகிற சட்டியைக் கொட்டினான், உடம்பு துடைத்தான், என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தான். படுத்தால் எனக்கு மூச்சு முட்டும். அப்போது பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சில் என்னைச் சாய்த்துக்கொள்வான். நான் இருமினால் அவன் முகத்தில்தான் இருமுவேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திட்டினார். இது ஒட்டிக்கொள்கிற சீக்கு என்றார்.

அவன் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் செய்யாது டாக்டரம்மா. நான் ஏழு பாகம் ஆழத்துல தண்ணிக்குள்ள மூச்சப் புடிக்கிறவன்லா. என் நெஞ்சு வேற."

எங்கள் கடற்கரையில் எல்லாரும் நம்புகிற விஷயம் அது. குளிகாரன் நெஞ்சு இரும்பு. மற்றவன் மூச்சு முடிகிற இடத்தில்தான் அவன் மூச்சு தொடங்கும். டாக்டரம்மா அவன் போன பிறகு என்னிடம் கோபமாகச் சொன்னார், மூச்சைப் பிடிக்கிற பழக்கம் வேறு, நுரையீரலுக்குள் நீர் கோப்பது வேறு, மீனவனுக்கும் மந்திரிக்கும் இதில் ஒரே விதிதான், படித்தவர் நீங்கள், வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள் என்று. நான் தலையாட்டினேன். சொல்லவில்லை. அவன் வராமல் போய்விட்டால் என்னை யார் சாய்த்துக்கொள்வது?

பென்சிலின் என்ற பெயரை அவர்தான் முதலில் சொன்னார். பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, சென்னையில் கேட்டிருக்கிறேன், வருமா தெரியாது என்றார். சந்தியாகு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நேரே துறைமுகத்துக்குப் போனான். கப்பல் கப்பலாகத் தோணியை அணைத்து, தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். கொழும்பிலிருந்து வந்த ஒரு கப்பலின் வைத்தியர் மனம் இரங்கியிருக்கிறார். சின்னச் சின்னப் புட்டிகள். குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும் என்பதால் மரத்தூளும் ஐஸ்கட்டியும் நிரப்பிய மீன்கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். அந்த மருந்தை நினைத்தால் எனக்கு இன்றும் மீன் நாற்றம்தான் வருகிறது.

அவன் கூடையோடு வருவதற்குள் இன்னாசி பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். அதே குளிர், அதே விலா வலி. கடற்கரையில் இருந்த சல்பா மாத்திரை எல்லாம் தீர்ந்திருந்தது. கிடைத்த சிலவற்றை அவனுக்குக் கொடுத்தும் காய்ச்சல் அசையவில்லை.

காலை வெளிச்சம் ஜன்னலில் விழுந்திருந்தது. டாக்டரம்மா கூடையைத் திறந்து பார்த்தார். ஒரு ஆளுக்குத்தான் காணும். பாதிப் பாதியாகப் போட்டால் இரண்டு பேருக்கும் வேலை செய்யாமல் வீணாகும் என்றார். பிறகு மறைக்காமல் சொன்னார். வாத்தியாருக்குச் சீழ் பிடித்திருக்கிறது, மருந்து போட்டாலும் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். போடாவிட்டால் போய்விடுவார். சின்னவருக்கு நோய் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, போட்டால் நிச்சயம் பிழைப்பார். போடாவிட்டால் அவருக்கும் பாதிக்குப் பாதி. எப்படிப் பார்த்தாலும் கணக்கு சமமாக வருகிறது, மருந்தைக் கொண்டுவந்தது நீங்கள், குடும்பமாகச் சொல்லுங்கள்.

குடும்பம் என்றால் அங்கே யார் இருந்தது? ரோசம்மாள் வீட்டில். பிலோமி நிறைமாதம், சீக்கு இடத்துக்கு வரக்கூடாது என்று அவளைத் தடுத்து வைத்திருந்தார்கள். இன்னாசி காய்ச்சலில் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் சந்தியாகு நின்றான். ஒருவர் அவனுக்கு அக்காள் புருஷன், மற்றவன் தங்கை புருஷன். அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கை இரண்டும் கயிறு பிடிக்கிற மாதிரி முன்னால் மடங்கி இருந்தன.

"அத்தான்தான மொதல்ல எறங்கினாரு. அவருக்குப் போடுங்க டாக்டரம்மா. மாப்ள மூச்சுப் புடிப்பான்," என்றான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சந்தியாகுவும் என்னைப் பார்த்தான். அன்று எனக்குக் காய்ச்சல் இருந்தது, ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. இதைப் பொய்யாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அந்த வழக்கம் கடலுக்குத்தான் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். பின்னால் இறங்கியவனுக்கு மூச்சு மிச்சம் இருக்கும் என்பது கட்டிலில் கிடக்கிறவனுக்குச் செல்லாது. குளிகாரன் நெஞ்சு வேறு என்பது வெறும் பேச்சு என்பதும் அந்த அறையில் டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். "இது கடல் இல்ல, சந்தியாகு" என்று சொன்னால் போதும். நாலு வார்த்தை. அவன் யோசித்திருப்பான். முடிவு மாறியிருக்குமோ என்னவோ, ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் ஊசியைக் கொதிநீரில் போடச் சொன்னார்.

மூன்று மணிக்கு ஒருதரம் ஊசி. தொடையிலும் புட்டத்திலும் மாறி மாறிக் குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டு இன்னாசியின் கட்டிலைத் தாண்டித்தான் என்னிடம் வரும். படுக்கைக்கும் மருந்துக்கும் ஆஸ்பத்திரி அதிகம் கேட்கவில்லை. ஐஸ்கட்டிக்குத்தான் செலவு. ரோசம்மாள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காது லேசாக இருக்கிறது என்று சிரித்தாள். தெருமுனைக் கடை நாடார் அண்ணாச்சி, வாத்தியாருக்கு என்று பனங்கற்கண்டு கொடுத்தனுப்பினார். எல்லாரும் என் பக்கமே வந்தார்கள். என் காய்ச்சல் விட்டது. விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி, குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். இன்னாசிக்கு மூச்சு வேகம் வேகமாக ஏறியது. ஒரு விடியற்காலையில், சந்தியாகு அவன் பின்னால் உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் மூச்சு நின்றுவிட்டது. என்னை அவன் சாய்த்துக்கொண்ட அதே இருப்பு.

சந்தியாகு அவனைப் படுக்க வைத்துவிட்டு என் அருகில் வந்து, "ஒருத்தர தூக்கிட்டேன் அத்தான்," என்றான்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எனக்கு வேலை ஒன்றுதான். வெறும் கூரையைக் கரும்பலகையாக்கி வாதாடுவது. இங்கிலீஷ்காரர் கட்சியைக் கூப்பிட்டேன். வாய்ப்புகள் சமம், ஆனால் உனக்குப் பிள்ளைகள் மூன்று, வகுப்பில் இத்தனை மாணவர்கள், நீ பிழைத்ததுதான் அதிக நன்மை என்று அவர் சொன்னார். ஜெர்மன்காரரைக் கூப்பிட்டேன். நீ பொய் சொல்லவில்லை, யாரையும் கருவியாக்கவில்லை, உயிரோடிருக்க விரும்புவது குற்றமில்லை என்றார் அவர். கிரேக்கரைக் கேட்டேன். சாகக் கிடக்கிறவனிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அவரும் நழுவினார். ஐயையோ, எவ்வளவு நல்ல வக்கீல்கள்! ஒருவர் விடாமல் எல்லாரும் என்னை விடுதலை செய்தார்கள். இத்தனை வருஷம் பையன்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது இதைத்தானா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. என்னைச் சாய்த்துக்கொள்ள, இந்த மூவரில் யாருடைய தீர்ப்புக்கும் இன்னாசி காத்திருக்கவில்லை. எந்தக் கட்சி என்று பார்க்காமல் பின்னால் வந்து உட்கார்ந்தவன் அவன்.

நான் வீட்டுக்கு வந்ததும் பிலோமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று சாக்குச் சொன்னேன். சந்தியாகு கடலில் எவன் கூப்பிட்டும் கயிறு பிடிக்கப் போகவில்லை. கொழும்புத் தோணியில் ஏறிப் போய்விட்டான்.

ஒருநாள் பிலோமியே வந்தாள். கறுப்புச் சேலை, தோளில் பிள்ளை. ரோசம்மாள் அடுப்படியில் இருந்தாள். பிலோமி என் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நீங்கள்தான் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைப் பிடிக்க வேண்டும் என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எல்லாம் தெரியும் அத்தான். அண்ணன் போறதுக்கு முந்தி சொல்லிட்டுத்தான் போனான். அத்தான் படிச்சவரு, நான் சொன்னது தப்புன்னா வாயத் தொறப்பாருன்னு மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன், கண்ண மூடிக்கிட்டாருன்னான்."

நான் தலை குனிந்தேன். இத்தனை நாள் அந்த மௌனம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே," என்றாள் அவள். "டாக்டரம்மா கேட்டாவ, அண்ணன் சொன்னான், நீங்க பேசாம இருந்தீய. என் புருசன். ஒரு வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா. நான் உங்களுக்கே போடுங்கன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். கேக்கலியே."

நான் போட்ட மூன்று கட்சிக் கரும்பலகையில் அவளுக்கு ஒரு மூலைகூட இல்லை. அன்று கணக்குப் பார்த்தபோதும் சரி, பிறகு கூரையைப் பார்த்து வாதாடியபோதும் சரி, அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடு என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீய," என்றாள். குரல் உயரவில்லை. "அதுக்கு வரல நான். கயிறு புடிக்க யார வைக்கோம்? விட்டா யாருக்கு நட்டமோ அவன வைக்கோம். என் கூடப்பெறந்தவன் கடலுக்கு ஓடிட்டான். இந்தப் பிள்ளைய விட்டா இந்த ஊருல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உறக்கம் வராது. அதான் உங்களக் கேக்க வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்றேன். பிள்ளைக்கு இன்னாசி என்றே பெயர். பாதர் மந்திரம் சொல்லி முடிக்க நேரமாயிற்று. பிலோமி பிள்ளையை என் வலது கையில்தான் வைத்திருந்தாள். அவன் குதிகால் சரியாகத் தழும்பின்மேல் பட்டு, ஒவ்வொரு உதைக்கும் எலும்பு இல்லாத அந்த இடம் சுரீர் என்றது. இடது பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ரோசம்மாள் காதோடு சொன்னாள்.

நான் மாற்றிக்கொள்ளவில்லை.